எந்தக் குறையை நூறு மணி நேரம் பொறுத்துக்கொள்வீர்கள்? மூன்று ஜப்பானிய ஆர்பிஜிகள், ஓர் ஒப்பீடு

"ஜப்பானிய ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக இருந்து ஆடும் கதைக் கேம், ஒன்றே ஒன்று ஆடிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், எதை வாங்கட்டும்?" என்று கேட்பவர்கள் கையில் பெரும்பாலும் இதே மூன்று பெயர்கள்தான் இருக்கின்றன. பெர்சோனா 5 ராயல், டிராகன் குவெஸ்ட் 11 எஸ், ஆக்டோபாத் டிராவலர். கடைசியில் சொன்னதற்கு ஓர் உட்கேள்வியும் உண்டு: முதல் பாகமா, இரண்டாம் பாகமா?

விமர்சனங்களைப் படித்தால் குழப்பம் கூடத்தான் செய்யும். மூன்றுக்கும் பாராட்டு குவிந்து கிடக்கிறது, அதில் பொய்யும் இல்லை. மூன்றும் முறை வைத்து அடிக்கும் சண்டைதான். மூன்றிலும் அது நன்றாக வந்திருக்கிறது. இசையும் அப்படியே. நிறைகளை அடுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். இந்தக் கேம்கள் அறுபது மணி நேரத்திலிருந்து நூறு மணி நேரத்துக்கு மேல் வரை கேட்பவை. அவ்வளவு நேரமும் ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு கூட்டத்தோடுதான் இருக்கப் போகிறீர்கள். சண்டை பழகிவிடும், பாட்டு காதில் தங்கிவிடும். முப்பதாவது மணி நேரத்தில் கேமை மூடி வைக்கத் தோன்றினால், அதற்குக் காரணம் அநேகமாக அந்த ஆட்களை எழுதிய விதத்தில் இருக்கும் ஓட்டைதான். மூன்றிலும் ஓட்டை இருக்கிறது, ஆனால் வேறு வேறு இடங்களில். எந்த ஓட்டை உங்களை உறுத்தாதோ அந்தக் கேமை வாங்குங்கள் என்பதே என் கட்சி.

கதையின் திருப்பங்களைக் கூடியவரை மறைத்தே எழுதியிருக்கிறேன். மறைக்க முடியாத இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில், கூட்டத்தில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா? ஒரு திருடியும் ஒரு தேவாலய விசாரணைக்காரரும் ஒரே அணியில் நடந்து போனால் ஒரு சண்டையாவது வர வேண்டாமா? அப்புறம், ஒருவர் மாறினால் அந்த மாற்றம் நிலைக்கிறதா? "இனி நான் பழைய ஆள் இல்லை" என்று அழுதவர் அடுத்த காட்சியில் பழைய ஆளாகவே வந்து நின்றால், நாம் அழுதது வீண். மூன்றாவது, வில்லன். நான்காவது, பெண்களை எழுதியிருக்கும் விதம். ஜப்பானிய ஆர்பிஜிகளைப் பற்றிப் பேசும்போது இதைத் தனியாகப் பார்க்காமல் முடியாது.

ஐந்தாவது, பெட்டியின் மேல் அச்சடிக்காத செலவு. நேரம், தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத பகுதிகள், ஆங்கிலம். இவற்றில் எதிலும் தமிழ் கிடையாது. பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டே ஆட வேண்டிய கேமில், அந்த ஆங்கிலம் எப்படிப்பட்டது என்பது சிலருக்கு விலையைவிடப் பெரிய விஷயம்.

விலையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். எல்லாமே வெளியாகிச் சில ஆண்டுகள் ஆனவை. தள்ளுபடி அடிக்கடி வரும், காத்திருந்து வாங்குங்கள்.

## பெர்சோனா 5 ராயல்: சொன்னதைத் தானே மறந்துவிடும் கேம்

அட்லஸ் நிறுவனத்தின் பெர்சோனா 5 ஜப்பானில் 2016 செப்டம்பரில் வந்தது. கூடுதல் பகுதிகள் சேர்த்த ராயல் பதிப்பு அங்கே 2019 அக்டோபரிலும், மற்ற நாடுகளில் 2020 மார்ச்சிலும் வெளியானது. 2022இல் பிசி, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் என எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. இப்போது வாங்குபவர்கள் ராயலை வாங்கினால் போதும், பழையதைத் தேட வேண்டாம்.

ஒரு பெண்ணிடம் வம்பு செய்த குடிகாரனைத் தடுக்கப் போய், வழக்கில் மாட்டி, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் டோக்கியோவுக்கு வரும் பள்ளி மாணவன் நீங்கள். ஒரு காபிக் கடையின் பரண்தான் அறை. பகலில் பள்ளி. மற்ற நேரத்தில், மனிதர்களின் வக்கிர ஆசைகள் அரண்மனைகளாக எழும்பி நிற்கும் இன்னோர் உலகத்துக்குள் நுழைந்து அந்த ஆசையைத் திருடிக்கொண்டு வருவது. ஆசை திருட்டுப் போனவன் தன் குற்றங்களை ஊரறிய ஒப்புக்கொள்வான்.

முதல் வில்லன் கமோஷிடா என்ற உடற்கல்வி ஆசிரியர். ஒலிம்பிக் பதக்கம் வென்றவர், கைப்பந்து அணியின் பயிற்சியாளர். பையன்களை அடிக்கிறார், பெண்களிடம் அத்துமீறுகிறார். பள்ளிக்கூடம் முழுவதற்கும் தெரியும். பதக்கத்தால் வரும் பெருமைக்காக முதல்வர் வாயைத் திறப்பதில்லை. அணியில் இடம் போய்விடுமோ என்று மாணவர்களும் திறப்பதில்லை. பூதம் இல்லை, அசுரன் இல்லை, எந்த ஊர்ப் பள்ளியிலும் இருக்கக்கூடிய ஓர் ஆள். அடிபட்ட முகத்தோடு "பயிற்சியில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லும் மிஷிமா என்ற பையனைப் பார்க்கும்போது இதெல்லாம் கேம் என்பதே மறந்துபோகும். நான் ஆடிய ஜப்பானிய ஆர்பிஜிகளில் இதைவிட நல்ல தொடக்கம் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

அந்தப் பகுதியின் மையத்தில் இருப்பவள் ஆன் தகாமாக்கி. தோழியைக் காப்பாற்ற வேண்டுமானால் தனக்கு இணங்கு என்று கமோஷிடா அவளை மிரட்டுகிறார். அவள் கோபம்தான் கதையைத் தூக்கி நிறுத்துகிறது. சரி, அடுத்து என்ன நடக்கிறது? அடுத்த பகுதியில் யூஸ்கே என்ற ஓவியன் வருகிறான். உடையில்லாமல் எனக்கு மாதிரியாக நில், இல்லையென்றால் புகார் கொடுப்பேன் என்று அதே ஆனிடம் சொல்கிறான். இதை நகைச்சுவையாக எழுதியிருக்கிறார்கள். நண்பர்களும் அவளைப் பெரிதாக ஆதரிப்பதில்லை, திட்டத்துக்கு உதவுமே என்று போகச் சொல்கிறார்கள். சில மணி நேரத்துக்கு முன்னால் எதைக் குற்றம் என்று முழங்கினார்களோ, அதன் சின்ன வடிவம் இப்போது சிரிப்பு. பலவீனமான எழுத்து என்று நான் சொல்வது இதைத்தான். எழுதத் தெரியாமல் வந்த தவறென்றால் விட்டுவிடலாம். கமோஷிடாவை அப்படி எழுதத் தெரிந்தவர்கள் செய்தது இது.

ரியூஜிக்கும் இதே கதிதான். கமோஷிடாவால் கால் உடைந்து, ஓட்டப் பந்தய அணியும் கலைந்து போன பையன். நல்ல தொடக்கம். அதன் பிறகு கேமுக்கு அவன் உளறுவாய், அவ்வளவே. கதையின் பின்பகுதியில் ஓரிடத்தில் உயிரைப் பணயம் வைத்து எல்லோரையும் காப்பாற்றுகிறான். செத்துவிட்டான் என்று நினைத்து அழுகிறார்கள். திரும்பி வந்ததும் பெண்கள் சேர்ந்து அவனை அடித்து வீழ்த்துகிறார்கள், வேடிக்கைக்காக. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹரு என்ற பெண் அணியில் சேரும்போது கதையில் இலையுதிர் காலம் வந்துவிடும். அவளைத் தெரிந்துகொள்ள நேரமே இல்லை. அவளுடைய நட்புக் கதையை நகர்த்த உங்கள் கைத்திறன் மதிப்பு உச்சத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வேறு.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஃபுதாபாவைச் சொல்லாமல் போனால் பாவம். அம்மாவின் சாவுக்குத் தானே காரணம் என்று நம்பி, வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடக்கும் பெண். மற்றவர்களின் அரண்மனைகள் பேராசையால் எழுந்தவை. அவளுடையது ஒரு கல்லறை, தன்னைத் தானே புதைத்துக்கொண்ட பிரமிடு. அவள் வெளியே வந்த பிறகு கேம் அவளை உடனே "சரியாகிவிட்டாள்" என்று விட்டுவிடுவதில்லை. கூட்டத்தைக் கண்டால் ஒளிகிறாள், ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகப் பழகுகிறாள். காபிக் கடைக்காரர் சோஜிரோவுக்கும் அவளுக்குமான உறவு இந்தக் கேமின் மிகச் சிறந்த எழுத்து என்பேன்.

ராயல் பதிப்பு சேர்த்த மூன்றாம் பருவமும் அதே தரம். புதிதாக வரும் பள்ளி ஆலோசகர் மருக்கி பேராசைக்காரர் இல்லை. துக்கமே இல்லாத வாழ்க்கையை எல்லோருக்கும் கொடுக்க நினைக்கிறவர். அவரோடு வாதாட நமக்கே பதில் கிடைப்பதில்லை. இந்த எழுத்தாளர்கள் முழு கவனத்தோடு உட்கார்ந்தால் என்ன செய்வார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது மறைவுச் செலவு. மருக்கியுடனான நட்பைக் கதையில் நவம்பர் 18க்குள் 9ஆம் நிலைக்குக் கொண்டுபோகாவிட்டால், அந்த மூன்றாம் பருவம் திறக்கவே திறக்காது. கேம் இதை வெளிப்படையாகச் சொல்லாது. எண்பது மணி நேரம் ஆடிவிட்டு, எதற்காக ராயலை வாங்கினோமோ அது இல்லாமலே முடித்தவர்கள் இருக்கிறார்கள். தேதியை ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். அப்புறம், முழுக் கதைக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொடக்கத்தில் கட்டுப்பாடும் அதிகம். பல இரவுகளில் மோர்கானா என்ற பூனை "தூங்கப் போ" என்று விரட்டிக்கொண்டே இருக்கும். ஆங்கிலம் எளிது, பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுதான். ஆனால் அளவு அதிகம்; நடந்து முடிந்ததையே கைபேசி அரட்டையில் இன்னொரு முறை பேசுவார்கள்.

## டிராகன் குவெஸ்ட் 11 எஸ்: கட்டியதைக் கலைத்துக் கட்டுவது

மூல வடிவம் ஜப்பானில் 2017 ஜூலையில் வந்தது. மெருகேற்றிய எஸ் பதிப்பு 2019இல் ஸ்விட்சுக்கும், 2020 டிசம்பரில் மற்றவற்றுக்கும். யூஜி ஹோரி கதை அமைக்க, அகிரா தோரியாமா ஆட்களை வரைய, கோயிச்சி சுகியாமா இசையமைக்க, 1986இல் இந்தத் தொடரைத் தொடங்கிய அதே மூவர்தான் பதினொன்றாவதையும் செய்தார்கள். சுகியாமா 2021இலும் தோரியாமா 2024இலும் காலமானார்கள்.

கதை பாட்டி சொல்லும் கதைதான். உலகைக் காக்கப் பிறந்தவன் என்ற அடையாளத்தோடு கிராமத்துப் பையன் அரசனைப் பார்க்கப் போகிறான். அரசன் அவனைத் தூக்கிச் சிறையில் போடுகிறான். பக்கத்து அறையில் எரிக் என்ற திருடன். அங்கிருந்து கூட்டம் ஒவ்வொருவராகச் சேரும்.

இந்தக் கேமின் பலம் யாரென்றால் சில்வாண்டோ. சர்க்கஸ்காரன், குலுக்கி நடப்பவன், எல்லோரையும் "செல்லமே" என்ற தோரணையில் கூப்பிடுபவன். பார்த்தவுடன், சரி, இவனை வைத்துக் கேலி செய்யப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். செய்யவில்லை. வீரனாகப் பயின்றவன், உலகத்தில் சிரிப்பு குறைந்துவிட்டது என்று அந்தப் பாதையை விட்டவன். அதனால் அப்பாவோடு முறிந்த உறவு, பின்னால் அந்த அப்பாவின் முன்னால் போய் நிற்கும் காட்சி, எல்லாமே கண்ணியமாக எழுதப்பட்டிருக்கின்றன. உலகம் இருண்டு கிடக்கும் நேரத்தில் அவன் தெருவில் ஊர்வலம் விடுகிறான். அசட்டுத்தனமாக இருக்கிறது, அதே நேரத்தில் தொண்டை அடைக்கிறது.

வழியில் வரும் சின்னக் கதைகளும் அப்படித்தான். கடற்கரை ஊரொன்றில் ஒரு கடற்கன்னி தன் காதலனுக்காகக் காத்திருக்கிறாள். அவனுக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரிய வருகிறது. உண்மையைச் சொல்வதா, பொய் சொல்லிக் காத்திருக்கவே விடுவதா என்று கேம் உங்களைக் கேட்கிறது. இரண்டு பதிலுக்கும் மனம் கனக்கும்.

குறை எங்கே? முதலில் நாயகன். அவன் பேசுவதே இல்லை. பேசாத நாயகன் இந்தத் தொடரின் மரபு, அதைப் பழைய புள்ளிப் படங்களில் ஏற்றுக்கொள்ள முடிந்தது. இங்கே முகம் முழுத்திரையில் தெரிகிறது. வளர்ந்த ஊர் நாசமாகிக் கிடப்பதைப் பார்க்கும்போதும் அவன் முகத்தில் பெரிதாக ஒன்றும் ஓடுவதில்லை. பெர்சோனாவின் நாயகனும் பேசாதவன்தான், ஆனால் அவனுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் பதில்களில் கிண்டலும் திமிரும் உண்டு. இவனிடம் ஆமாம், இல்லை இரண்டுதான்.

பெரிய குறை மூன்றாம் பகுதியில். கதை தெரியக் கூடாது என்பவர்கள் அடுத்த பத்திக்குத் தாண்டிவிடுங்கள். இரண்டாம் பகுதியின் முடிவில் உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் ஓடிக் கதை முடிந்ததுபோல் காட்டும். அதன்பின் நாயகன் காலத்தில் பின்னோக்கிப் போகிறான். ஒரு பெரிய இழப்பைச் சரிசெய்யத்தான். ஆனால் அந்த இழப்பால் விளைந்ததெல்லாமும் சேர்ந்து அழிந்துபோகிறது. துக்கத்தில் கூந்தலை அறுத்துக்கொண்டு தனியாக நிற்கக் கற்ற செரீனா, பழையபடி நீளக் கூந்தலோடு நிற்கிறாள். ஹெண்ட்ரிக் என்ற தளபதி உங்களைத் துரத்திய எதிரி. இரண்டாம் பகுதியில் நீங்கள் இருவரும் தோளோடு தோள் நின்று ஒரு கோட்டையை மீட்கிறீர்கள். மூன்றாம் பகுதியில் அவனுக்கு அது எதுவும் நினைவில்லை, நடக்கவே இல்லையே! உங்களுக்கு மட்டும்தான் தெரியும், நீங்களோ பேசாதவர். இதைச் சோகமாக எழுதியிருந்தால் பிரமாதமாக வந்திருக்கும். கேம் அதைச் சந்தோஷ முடிவாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. சிலருக்கு இது பெரிய நிம்மதி. எனக்கு, இருபது முப்பது மணி நேரம் கட்டிய வீட்டை யாரோ இடித்த மாதிரி இருந்தது.

வில்லன் தரப்பில் ஹெண்ட்ரிக்கின் தோழன் ஜாஸ்பரின் பொறாமை நன்றாகத் தொடங்கி அவசரமாக முடிகிறது. பெரிய வில்லன் சும்மா வில்லன். பெண்களைப் பொறுத்தவரை, ஜேட் ஓர் அரசகுமாரி, கூட்டத்திலேயே கம்பீரமான போராளி. அவளுடைய திறன் பட்டியலில் ஒரு பிரிவே கவர்ச்சிதான், முயல்காது உடையும் உண்டு. கோபப்பட வைக்கும் அளவுக்கு இல்லை, சலிக்க வைக்கும் அளவுக்கு இருக்கிறது.

செலவில் இது மலிவானது. எதையும் தவறவிட்டு ஏமாற மாட்டீர்கள், தேதி நெருக்கடி இல்லை. சண்டைக்கு நடுவிலேயே ஆட்களை மாற்றிக்கொள்ளலாம், வெளியே நிற்பவர்களுக்கும் அனுபவப் புள்ளி ஏறும். முதல் சில மணி நேரம் மெதுவாகத்தான் போகும். ஆங்கிலம்தான் கொஞ்சம் வம்பு: ஊருக்கு ஊர் ஒரு வட்டார வழக்கு. ஹொட்டோ என்ற ஊரில் எல்லோரும் ஹைக்கூவாகவே பேசுவார்கள். ரசிக்கத் தெரிந்தால் விருந்து, இல்லாவிட்டால் அகராதி.

## ஆக்டோபாத் டிராவலர்: ஒரே பஸ்ஸில் எட்டு அந்நியர்கள்

ஸ்குவேர் எனிக்ஸும் அக்குவயரும் சேர்ந்து செய்தது. முதல் பாகம் 2018 ஜூலையில் ஸ்விட்சுக்கும், அடுத்த ஆண்டு பிசிக்கும் வந்தது. இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில். பழைய புள்ளிப்பட மனிதர்களை முப்பரிமாண ஒளியிலும் நிழலிலும் நிற்க வைத்த அந்தத் தோற்றம் வேறு பல கேம்களுக்கும் போய்விட்டது. சண்டை மூன்றிலும் இதில்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். எதிரியின் பலவீனத்தைக் கண்டுபிடித்து அடித்து அவன் கவசத்தை உடைப்பது, புள்ளிகளைச் சேர்த்து வைத்து உடைந்த கணத்தில் மொத்தமாக இறக்குவது. பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு வரும் சண்டைகளில் கை வியர்க்கும்.

முதல் பாகத்தில் எட்டுப் பேர், ஆளுக்கு நான்கு அத்தியாயம், மொத்தம் 32. தனித்தனியாகப் படித்தால் சில கதைகள் அருமை. அப்பாவைக் கொன்ற மூவரைத் தேடி, நாட்டியக்காரியாகச் சீரழியும் இடத்தில் காத்திருக்கும் பிரபு குலத்துப் பெண் பிரிம்ரோஸ். யாரையும் காப்பாற்றுவதே மருத்துவன் கடமை என்று நம்பி, காப்பாற்றிய ஆளே கொடியவனாகத் திரும்பும்போது உடைந்துபோகும் ஆல்ஃபின்.

ஆனால் பிரிம்ரோஸ் தன் எதிரியின் முன்னால் நிற்கும் காட்சியில் அவள் தனியாக நிற்கிறாள். இரண்டு நிமிடத்துக்கு முன்பு வரை கூடவே மூன்று பேர் சண்டை போட்டார்கள். எங்கே போனார்கள்? பாஸ் சண்டை தொடங்கியதும் திரும்ப வருகிறார்கள், முடிந்ததும் மறைகிறார்கள். அவள் அழும்போது தோளைத் தொட ஒரு கை இல்லை. இடையிடையே அணித் தோழர்கள் சுருக்கமாகப் பேசிக்கொள்ளும் துணுக்குகள் உண்டு. அவையும் ஊறுகாய் அளவுதான். ஊருக்குப் போ, விசாரி, குகைக்குப் போ, பாஸை அடி என்று எல்லா அத்தியாயமும் ஒரே அச்சு. எட்டுக் கதைகளும் எங்கே இணைகின்றன என்பதைச் சொல்லும் பகுதி, சில துணைப் பணிகளை முடித்தவர்களுக்கு மட்டும் திறக்கிறது. எட்டு பாஸ்களை வரிசையாக அடித்து, நடுவில் சேவ் செய்ய வழியில்லாமல், அதன் பிறகு கடைசி பாஸ். தோற்றால் முதலிலிருந்து. நான் ஒருமுறை தோற்றுவிட்டு, மிச்சத்தை யூடியூபில் பார்த்துக்கொண்டேன். வெட்கமெல்லாம் இல்லை.

இரண்டாம் பாகம் இந்தக் குறைகளைக் கேட்டு எழுதியதுபோல் இருக்கிறது. வேறு நிலப்பரப்பு, வேறு எட்டுப் பேர். முதல் பாகம் தெரிய வேண்டியதில்லை. இருவர் இருவராகச் சேர்ந்து நடக்கும் இணைக்கதைகள் வந்தன: இளவரசன் ஹிகாரியும் நாட்டியக்காரி அக்னியாவும், வியாபாரி பார்ட்டீசியோவும் அறிஞர் ஆஸ்வால்டும், திருடி துரோனேயும் விசாரணைக்காரர் டெமனோஸும், மருந்துக்காரி காஸ்டியும் வேட்டைக்காரி ஒச்செட்டும். கடைசிக் கதையில் எட்டுப் பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அதற்காகத் துணைப் பணிகளைத் துருவ வேண்டியதில்லை.

கதைகளின் நிறமும் வேறு வேறு. மனைவியையும் மகளையும் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்டு, பனித் தீவுச் சிறையில் கிடக்கும் ஆஸ்வால்டின் முதல் அத்தியாயம் முழுக்கச் சிறையிலிருந்து தப்பிப்பதுதான். டெமனோஸின் கதை கொலைத் துப்பறிதல். துரோனேயின் கழுத்தில் விஷப் பட்டை. அதைக் கழற்றும் சாவி வேண்டுமென்றால் "அம்மா", "அப்பா" என்று அவள் கூப்பிடும் கும்பல் தலைவர்களைக் கொல்ல வேண்டும். பார்ட்டீசியோ வறுமை என்ற பிசாசை ஒழிக்கக் கிளம்பியவன். அவன் சண்டை குத்தகையோடும் ஒப்பந்தத்தோடும், நீராவி இயந்திரத்தின் உரிமையோடும். ஜப்பானிய ஆர்பிஜியில் பொருளாதாரம் வில்லனாக வருவது எவ்வளவு புதுமை!

இருந்தாலும் அடிப்படை ஓட்டை அடைபடவில்லை, சுருங்கியிருக்கிறது. முக்கிய அத்தியாயங்களில் இன்னும் ஆளுக்கு ஆள் தனிமைதான். ஊராரிடம் காரியம் சாதிக்க ஒவ்வொருவருக்கும் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வழி உண்டு. இரவில் ஆஸ்வால்ட் தெருவில் போகிற கிழவியை அடித்துப் பிடுங்குகிறார், பக்கத்தில் நிற்கும் நியாயவான் ஹிகாரி வாயைத் திறப்பதில்லை. பெரும்பாலான வில்லன்கள் ஒரு கதைக்கு மட்டும் வந்து போகிறவர்கள். பெண்களைப் பொறுத்தவரை மூன்றில் இதுதான் நேர்மையானது: துரோனே, காஸ்டி இருவரும் முழு மனிதர்கள், அக்னியா மட்டும் கொஞ்சம் இனிப்பு அதிகம்.

செலவு என்னவென்றால், அணியில் நான்கு பேருக்குத்தான் இடம், வெளியே உட்காருபவர்களுக்கு அனுபவப் புள்ளி ஏறாது. எட்டுப் பேரின் கதையையும் முடித்தாக வேண்டும் என்பதால் எல்லோரையும் சுற்றி வளர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டாம் பாகம் தொல்லையில்லை. முதல் பாகத்தில் ஹானிட் என்ற வேட்டைக்காரி பேசுவது எங்கேயும் இல்லாத ஒரு போலிப் பழைய ஆங்கிலம், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே தலையைப் பிடித்துக்கொள்வார்கள்.

## ஒரே பார்வையில்

| | பெர்சோனா 5 ராயல் | டிராகன் குவெஸ்ட் 11 எஸ் | ஆக்டோபாத் 2 |
|---|---|---|---|
| கூட்டத்துக்குள் பேச்சு | நிறைய, சில சமயம் அளவுக்கு மீறி | இயல்பாக, அன்பாக | இணைக்கதைகளிலும் முடிவிலும் மட்டும் |
| மாற்றம் நிலைப்பது | ஃபுதாபாவுக்கு ஆம், ஆனுக்கும் ரியூஜிக்கும் இல்லை | மூன்றாம் பகுதி கலைக்கிறது | தனித்தனிக் கதைக்குள் உறுதி |
| வில்லன் | முதலும் கடைசியும் அபாரம் | சாதாரணம் | கதைக்குக் கதை வேறுபடும் |
| பெண்கள் | மேலும் கீழும் | சிறு உறுத்தல் | மூன்றில் சிறந்தது |
| நேரம், சுமாராக | 100 மணிக்கு மேல் | 60 முதல் 90 வரை | 60 முதல் 80 வரை |
| கவனம் | நவம்பர் 18 | மெதுவான தொடக்கம் | எல்லோரையும் வளர்க்க வேண்டும் |

## யாருக்கு எது

ஒரே இடத்தில் உட்கார்ந்து நெடுந்தொடர் பார்ப்பதுபோல் ஆடுபவர் நீங்கள், உங்களுக்கு நண்பர் கூட்டமே முக்கியம், அவ்வப்போது எழுத்தாளர் மீது எரிச்சல் வந்தாலும் விட்டுவிடுவீர்கள் என்றால் பெர்சோனாதான். ஆனுக்கு நடப்பதைப் படித்தபோதே கோபம் வந்திருந்தால், கேமில் அது இன்னும் அதிகமாக வரும், தள்ளி வையுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருபவர்களும் ஒருமுறை யோசிக்க வேண்டும். தற்கொலை முயற்சியும் பாலியல் மிரட்டலும் முதல் பகுதியிலேயே வருகின்றன. வகுப்பாசிரியையைக் காதலிக்கும் வழி ஒன்றையும் மாணவனான நாயகனுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள்; அந்த ஆசிரியையின் கதை உண்மையில் நல்ல கதை, அதைக் கொண்டுபோய் இப்படி முடித்தது கொடுமை.

வேலை முடிந்து வந்து அரை மணி ஆடிவிட்டுத் தூங்குபவருக்கும், குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கும், இந்த வகைக்கே புதியவருக்கும் டிராகன் குவெஸ்ட். மூன்றாம் பகுதி பிடிக்காது என்று இப்போதே தெரிந்தால் ஒரு வழி இருக்கிறது: இரண்டாம் பகுதியின் முடிவில் பெயர்கள் ஓடும்போது நிறுத்திவிடுங்கள். அதுவும் ஒரு முழு முடிவுதான். இதற்கு பத்து மணி நேர அளவிலான இலவச டெமோ உண்டு, அதில் சேவ் செய்ததை அப்படியே முழுக் கேமுக்குக் கொண்டுபோகலாம்.

சிறுகதைத் தொகுப்பைப் படிப்பவர்போல் ஆடுபவருக்கும், சண்டைதான் முதலில் வேண்டும் என்பவருக்கும் ஆக்டோபாத் 2. முதல் பாகத்தை, இரண்டாவது முடித்த பிறகும் பசி இருந்தால் மட்டும் தொடுங்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் என்று கட்டாயப்படுத்தினால் இதைத்தான் எடுப்பேன். மூன்றில் இதன் எழுத்து உச்சம் என்பதற்காக இல்லை, உச்சம் பெர்சோனாவில்தான். ஒரு கதை சொதப்பினால் அடுத்தவர் கதைக்கு எழுந்து போய்விடலாம் என்ற வசதிக்காக.

இதற்கும் மூன்று மணி நேர டெமோ இருக்கிறது, சேவும் முழுக் கேமுக்குப் போகும். முதலில் யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அவரை அவருடைய கதை முடியும்வரை அணியிலிருந்து எடுக்க முடியாது. அக்னியாவோடு தொடங்கினால் இது இனிப்பான கேம் என்று நினைத்துவிடுவீர்கள். ஆஸ்வால்டைத் தேர்ந்தெடுத்து, அந்தச் சிறையிலிருந்து தப்பித்துப் பாருங்கள். கரைக்கு வந்து சேர்ந்த பிறகும் அவரோடு நடக்க விருப்பம் இருந்தால் காசைக் கொடுங்கள்.